ரொயோட்டா எண்டா கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

படிப்பு முடிந்து முதல் வேலை கிடைத்ததும் எங்கள் வீடுகளில் ஒரு கூட்டம் நடக்கும். அப்பா, அம்மா, ஒரு மாமா, மாமாவின் சிநேகிதர் ஒருவர். பொருள்: பிள்ளைக்கு என்ன கார் வாங்குவது. கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். "பழைய ரொயோட்டா ஒண்டைப் பாருங்கோ. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்." எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு தேத்தண்ணி வரும்.

தம்பி, தங்கச்சி, நான் இந்தப் பதிவில் சண்டை பிடிக்கப்போவது ரொயோட்டாவோடு அல்ல. அந்த "கண்ணை மூடிக்கொண்டு" என்ற சொல்லோடு.

முதலில் பெரியவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் சும்மா சொல்லவில்லை. எங்கள் அப்பாமார் இந்த நாட்டுக்கு வந்தபோது இரவு வேலை, இரண்டு வேலை. விடிய நாலு மணிக்கு, மைனஸ் இருபதில், கார் ஸ்ரார்ட் ஆகாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. சிலவேளை வேலையே போச்சு. அந்த விடியலில் ஸ்ரார்ட் ஆன கார் பெரும்பாலும் கொரொல்லாதான். போதாக்குறைக்கு அது எங்கள் ஊர்க் கார் மாதிரி. ஒன்ராறியோவின் கேம்பிறிட்ஜ் நகரில் 1988 தொடக்கம் முப்பது வருடத்துக்கு மேலாகக் கொரொல்லா செய்தார்கள். ஆகவே அந்த நம்பிக்கை அனுபவத்தில் வந்தது. நான் அதை மதிக்கிறேன்.

ஆனால் அவர்கள் காரை நம்பிய விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். என் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் பொனற்றைத் திறந்து ஒயில் கோலை இழுத்துத் துடைத்துப் பார்ப்பார். அந்தப் பழக்கம் அவருக்கு ஊரில் வந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நாற்பது வருடப் பழைய கார்கள் அவை. அவற்றை ஓட வைத்தது முன்னால் ஒட்டியிருந்த பெயரா? அந்தக் கொம்பனிகளே இன்று இல்லை. ஓட வைத்தது மெக்கானிக்கின் கையும் சொந்தக்காரனின் கண்ணும். அப்படிப்பட்ட ஆட்களின் பிள்ளைகள் நாங்கள், ஒயில் கோல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், பெயரை மட்டும் நம்பிப் பதினையாயிரம் டொலர் கொடுக்கிறோம்.

என் வாதம் இதுதான். புதுக் கார் வாங்கும்போது நீங்கள் ரொயோட்டாவிடம் வாங்குகிறீர்கள். பழைய கார் வாங்கும்போது ரொயோட்டாவிடம் வாங்கவில்லை. அதை முன்பு ஓட்டிய ஒருவரின் பத்து வருடப் பழக்கத்தை வாங்குகிறீர்கள். அவர் நேரத்துக்கு ஒயில் மாற்றினாரா? பனிக்காலம் முடிந்து காரின் அடியைக் கழுவினாரா? எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது கராஜுக்குப் போனாரா, இல்லை அதன்மேல் ஸ்ரிக்கர் ஒட்டினாரா? இதற்கு ஜப்பானிடம் பதில் இல்லை.

பொறியியல் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். "ரொயோட்டா நம்பகமானது" என்பது இலட்சக்கணக்கான கார்களின் சராசரியைப் பற்றிய கூற்று. அது உண்மை. ஆனால் நீங்கள் சராசரியை வாங்கவில்லை, ஒரே ஒரு காரை வாங்குகிறீர்கள். அதுவும் ஒருவர் விற்க முடிவெடுத்த காரை. நல்ல கார் என்றால் பலர் வீட்டுக்குள்ளேயே தங்கச்சிக்கோ மச்சானுக்கோ கொடுத்துவிடுவார்கள். வெளியே விற்பனைக்கு வருவதெல்லாம் கூடாத கார் இல்லை. ஆனால் ஏன் விற்கிறார்கள் என்று கேட்காமல் வாங்குவது முட்டாள்தனம்.

சராசரிக்குள்ளும் குழிகள் இருக்கின்றன. 2007 முதல் 2009 வரை வந்த கம்றிகளில் இருந்த 2.4 லீற்றர் எஞ்சின், பிஸ்ரன் வளையப் பிரச்சினையால் ஒயில் குடிப்பதற்குப் பேர் போனது. கொம்பனியே வட அமெரிக்காவில் அதற்கு உத்தரவாதத்தை நீட்டியது. அந்த நீட்டிப்பும் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் அந்தக் கார்கள் இன்னும் விளம்பரங்களில் இருக்கின்றன. ரக்கோமா பிக்கப்களின் அடிச்சட்டம் கறள் பிடித்த விவகாரம் அமெரிக்காவில் வழக்காகி, 2016-இல் 340 கோடி டொலர் வரை போகலாம் என்று மதிப்பிடப்பட்ட இணக்கத்தில் முடிந்தது. 2019-இல் வந்த ராவ் ஃபோர் ஹைபிரிட்டில், பின் மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பு வீதி உப்பால் அரிக்கப்பட்டது. கனடாவில் அது பெரிய கதையாகி, கொம்பனி அந்தக் கேபிளுக்கான உத்தரவாதத்தை நீட்ட வேண்டி வந்தது. வெடித்தால் உலோகத் துண்டுகளை வீசக்கூடிய தகாட்டா காற்றுப்பைகள் பழைய கொரொல்லாக்களிலும் இருந்தன. அவற்றை இலவசமாக மாற்றிக் கொடுக்கிறார்கள். ஆனால் முந்தைய சொந்தக்காரர் கொண்டுபோய் மாற்றினாரா என்பதுதான் கேள்வி.

சரி, பெயர் என்றால் என்ன என்று பார்ப்போம். 2016-இல் வந்த ரொயோட்டா யாரிஸ் செடான் உண்மையில் மஸ்டா. மெக்சிக்கோவில் மஸ்டா செய்தது, ரொயோட்டா தன் சின்னத்தை ஒட்டியது. மறுபக்கம் பொன்ரியாக் வைப் என்று ஒரு கார் 2010 வரை வந்தது. அது ரொயோட்டா மேற்றிக்ஸின் கூடப் பிறந்த கார். எஞ்சின் ரொயோட்டாவுடையது. மேற்றிக்ஸ் கேம்பிறிட்ஜில் செய்யப்பட்டது. வைப், ஜெனரல் மோட்டர்ஸும் ரொயோட்டாவும் கூட்டாக நடத்திய கலிபோர்னியா ஆலையில் செய்யப்பட்டது. நான் பழைய கார் தேடிய காலத்தில் வைப்பின் விலை எப்போதும் மேற்றிக்ஸை விடக் குறைவாகவே இருந்தது. எங்கள் ஆட்கள் யாராவது வைப் வாங்கினார்களா? "பொன்ரியாக்கோ? சீ." உள்ளே இருப்பது என்ன என்று பார்க்காமல், வெளியே ஒட்டியிருப்பதற்குக் காசு கொடுப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி என் கதை. மாஸ்ரர்ஸ் முடித்து முதல் வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. அம்மா சீட்டு எடுத்த காசை என் கையில் தந்தா. "தெரிஞ்ச ஆள்" ஒருவரிடம் கொரொல்லா ஒன்று இருந்தது. வெளியே கண்ணாடி மாதிரி மினுங்கியது. அடியில் புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தது. "கறள் பிடிக்காமல் அடிச்சு விட்டிருக்கிறன்" என்றார். நான் நன்றி வேறு சொன்னேன். கராஜில் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்தவர். கேட்டால் "என்னை நம்பேல்லையோ தம்பி?" என்பார் என்று வாயை மூடிக்கொண்டேன். பொறியியலில் முதுகலைப் பட்டம், பத்து நிமிடச் சங்கடத்தைத் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்குக்குப் பிறேக்கை மிதித்தேன். கால் தரைவரை போனது. பின்சீற்றில் அம்மாவும் தங்கச்சியும். ஒரு பக்கத்துப் பிறேக் குழாய் கறள் தின்று வெடித்திருந்தது. மற்றச் சுற்றில் மிச்சமிருந்த பிறேக்கும் கைப்பிறேக்கும் சேர்ந்து, முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னால் காரை நிறுத்தின. மெக்கானிக் காரைத் தூக்கி, கதவுக்குக் கீழே அந்தக் கறுப்பு மையில் ஸ்குரூ டிறைவரால் ஒரு குத்துக் குத்தினார். அது உள்ளே போய்விட்டது. "வாங்க முதல் ஒருக்கால் தூக்கிப் பாத்திருந்தா அரை மணித்தியாலத்தில சொல்லியிருப்பன்" என்றார். அந்த அரை மணித்தியாலத்துக்கு அவர் அப்போது வாங்கும் காசு நூறு டொலர்.

அம்மா அப்போதும் சொன்னா: "அவன் ஏமாத்தினதுக்கு ரொயோட்டா என்ன செய்யும்?" அம்மா சொன்னது சரி. பிழை ரொயோட்டாவில் இல்லை. ஏமாற்றியவர் அவர். ஏமாறத் தயாராகப் போனவன் நான்.

"சேஃப்ரி இருக்கு தம்பி, பிறகென்ன" என்பது அடுத்த பொய். ஒன்ராறியோவின் பாதுகாப்புத் தரச் சான்றிதழ், சோதித்த நாளில் அந்தக் கார் குறைந்தபட்சத் தரத்தைத் தொட்டது என்று மட்டுமே சொல்கிறது. பெயர் மாற்றுவதற்கு 36 நாள்தான் அது செல்லும். எஞ்சின் ஒயில் குடிக்குமா, கியர்ப்பெட்டி எப்போது போகும் என்று அது சொல்லாது. அது உத்தரவாதமும் அல்ல. கார்ஃபக்ஸ் அறிக்கையும் முழு உண்மை இல்லை. காப்புறுதிக்குப் போகாமல் கைக்காசு கொடுத்துத் திருத்திய விபத்து அதில் பெரும்பாலும் வராது.

அப்படியென்றால் என்ன செய்வது? ரொயோட்டா வாங்குங்கள், தாராளமாக. ஆனால் இப்படி வாங்குங்கள்.

தனியாரிடம் வாங்கினால், பழைய வாகனத் தகவல் தொகுப்பை முதலில் கேளுங்கள். அதைத் தருவது விற்பவரின் சட்டக் கடமை, விலை 20 டொலர். காரில் கடன் இருக்கிறதா, எத்தனை கை மாறியது என்பது அதில் தெரியும். "பேப்பரில விலையைக் குறைச்சுப் போடுவம், வரி மிச்சம்" என்பவரை நம்ப வேண்டாம். 13 வீத வரி, நீங்கள் எழுதும் விலை, வாகனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் கட்ட வேண்டும்.

விற்பனையாளரிடம் வாங்கினால், அவர் ஓம்விக்கில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். விளம்பர விலைக்கு மேல் கட்டணங்களைக் கூட்ட அவருக்கு அனுமதி இல்லை, வரியும் பதிவுச் செலவும் தவிர. ஆனால் கையெழுத்து வைத்த பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுக்க ஒன்ராறியோவில் உங்களுக்கு அவகாசம் கிடையாது. ஒவ்வொரு வாரமும் வேறு வேறு காரை "என்ர சொந்தக் கார்" என்று விற்பவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இருபது, முப்பது டொலருக்கு விற்கும் ஓபிடி வாசிப்பானைச் செருகுங்கள். பிழைக் குறியீடு ஒன்றும் இல்லையே என்று சந்தோசப்படாமல், உள்ளகச் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் நின்றால், அண்மையில் யாரோ நினைவகத்தை அழித்திருக்கலாம். பதினேழு எழுத்து வாகன எண்ணை ரொயோட்டா கனடாவின் தளத்தில் போட்டு, செய்யப்படாத மீள அழைப்புகள் உண்டா என்று தேடுங்கள். காப்புறுதிக் கொம்பனியிடம் வாங்க முன் விலை கேளுங்கள். ராவ் ஃபோரும் ஹைலாண்டரும் கள்ளருக்கும் பிடித்த கார்கள்.

கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம், விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் அல்ல, காரைத் தூக்கிப் பாருங்கள். விற்பவர் மறுத்தால் அதுதான் உங்கள் பதில்.

"இவ்வளவு கேட்டா மரியாதை இல்லை" என்பீர்கள். ரொயோட்டாவின் தரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அவர்கள் ஆலையில் ஒரு சாதாரணத் தொழிலாளி குறையொன்றைக் கண்டால் கயிற்றை இழுத்து முழு வரிசையையும் நிறுத்தலாம். அங்கே யாரும் "என்னை நம்பேல்லையோ?" என்று கோபிப்பதில்லை. அவர்களுக்கு ஒரு கொள்கைச் சொல் உண்டு: கென்ச்சி கென்புட்சு. போய், நேரில், பொருளைப் பார் என்று அர்த்தம். ரொயோட்டாவே ரொயோட்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?

அடுத்த கூட்டத்தில் மாமா அந்த வசனத்தைச் சொல்லும்போது வாதாட வேண்டாம். "ஓம் மாமா, நீங்க சொன்ன ரொயோட்டாதான். ஒருக்கால் தூக்கிப் பாத்திட்டு வாங்குறன்" என்று மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் மாமாவையும் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஊரில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர். உங்களைவிட அவருக்குத்தான் அடியில் என்ன பார்ப்பது என்று தெரிந்திருக்கும்.