பேட் வெச்சிருக்கிறவன் வீட்டுக்குப் போயிட்டா?

மக்களே, ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம், அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல. இன்னைக்கு வயித்தெரிச்சல் தாங்காம எழுதுறேன்.

எங்க பாரிவாக்கத்துல பிளஸ் டூ பையன் எவனைக் கேட்டாலும், "அண்ணா, நான் இ-ஸ்போர்ட்ஸ் பிளேயர் ஆகப்போறேன்"ங்கிறான். கேட்டா, "இதுவும் கிரிக்கெட் மாதிரிதாண்ணா"ன்னு யூட்யூப்ல பாத்த டயலாக்கை அப்படியே ஒப்பிக்கிறான். இந்த டயலாக்கைத்தான் இன்னைக்கு கிழிக்கப்போறேன்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். "போன்ல ஆடுறதெல்லாம் ஒரு விளையாட்டா?"ன்னு கேக்குற பெரியப்பா கோஷ்டி நான் இல்லை. ரம்மியையும் இதையும் ஒரே மூட்டையில கட்டுறவங்களோடவும் எனக்கு ஒத்துவராது. 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய அரசு சட்டமே பணம் கட்டி ஆடுறதைத் தடை பண்ணிட்டு, இ-ஸ்போர்ட்ஸை தனியா வெச்சுடுச்சு. திறமை, பயிற்சி எல்லாம் நிஜம். பிரச்சினை வேற இடத்துல இருக்கு.

2022 ஜூன், ஜூலையில பிஜிஎம்ஐ மாஸ்டர்ஸ் சீரிஸ் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? நாட்வின் கேமிங் நடத்துனாங்க. 24 அணி, ஒன்றரை கோடி பரிசு, ஸ்டார் ஸ்போர்ட்ஸ் டிவியில ஒளிபரப்பு. நம்ம பசங்களுக்கு தலைகால் புரியல. ஜூலை 17ல சீசன் முடிஞ்சுது. ஜூலை 28ல அந்த கேமே ப்ளே ஸ்டோர்லயும் ஆப்பிள் ஸ்டோர்லயும் இருந்து காணாமப் போச்சு. நடுவுல பதினோரே நாள்! ஐடி சட்டத்தோட 69ஏ பிரிவுல அரசு உத்தரவு போட்டுச்சு, முடிஞ்சுது கதை. மறுபடி கேம் வந்தது 2023 மே மாசம். அதுவும் மூணு மாச சோதனை ஓட்டம்னு சொல்லித்தான். அதுக்கு முன்னாடி 2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைலுக்கும் இதே கதிதான்.

பத்து மாசம்! பத்தொம்பது வயசுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய காலம்னு யோசிங்க.

தெரு கிரிக்கெட்ல பேட் வெச்சிருக்கிற பையன் அவுட் ஆனா கோவிச்சுக்கிட்டு பேட்டோட வீட்டுக்குப் போயிடுவான்ல? இங்க கிராஃப்டன் கம்பெனிகிட்ட பேட் மட்டும் இல்ல, பந்து, ஸ்டம்பு, கிரவுண்டு, ரூல் புக்கு எல்லாமே இருக்கு. அந்தக் கம்பெனியையே அரசு வெளியே போகச் சொன்னா ஆட்டமே கிடையாது.

"ஐபிஎல்லுக்கும் பிசிசிஐ ஓனர்தானே?"ன்னு பின்னூட்டத்துல ஒரு அனானி கண்டிப்பா வருவார். ஐயா, பிசிசிஐக்கு சொந்தம் ஐபிஎல், கிரிக்கெட் இல்ல. 2007ல ஐசிஎல்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்களே, பிசிசிஐ அதுல ஆடினவங்களுக்கு தடை போட்டுச்சு. ஆனாலும் மேட்ச் நடந்துச்சு, நம்ம சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் கப்பும் அடிச்சாங்க. கிரிக்கெட் ஆட யார்கிட்டயும் லைசென்ஸ் கேக்கத் தேவையில்ல. பிஜிஎம்ஐல அப்படி ஒரு போட்டி லீக் நடத்திக் காட்டுங்க பாப்போம்!

தென்கொரியாவுலயே இந்த அடிதடி நடந்திருக்கு. ஸ்டார்கிராஃப்டை வருஷக்கணக்கா டிவியில வளத்தது அங்க இருந்த சங்கமும் சேனலும். 2010ல பிளிசார்ட் வந்து "கேம் எங்களுது"ன்னு நின்னாங்க, விவகாரம் கோர்ட் வரைக்கும் போச்சு.

பொட்டி தட்டுறவங்களுக்கு இது சுலபமா புரியும். ஒரே வெண்டரோட ஏபிஐயை நம்பி மொத்த புராடக்ட்டையும் கட்டினா, அவன் ஒருநாள் மூடினா நாமளும் மூடணும். சாஃப்ட்வேருக்கே ப்ளான் பி கேக்குறோம், வாழ்க்கைக்கு கேக்க மாட்டோமா?

பரிசுக் கணக்கையும் பாத்துடுவோம். ஒன்றரை கோடியை 24 அணிக்கும், அணிக்கு நாலு பேருன்னு 96 பேருக்கும் சமமா பிரிச்சா தலைக்கு ஒரு லட்சத்து 56 ஆயிரம். நிஜத்துல சமமா பிரிக்க மாட்டாங்க, மேல இருக்கிறவங்களுக்கே பெரும்பகுதி போகும். சில அணிகள் மாசச் சம்பளம் தருது, மறுக்கல. ஆனா கேம் நின்னா சம்பளம் என்னாகும்? ஒப்பந்தத்துல அந்த வரி இருக்கான்னு எந்தப் பையன் படிக்கிறான்?

அதனால லீக் நடத்துறவங்ககிட்ட நாம கேக்க வேண்டியது மூணு. கேம் முடங்கினாலும் இத்தனை மாசம் சம்பளம்னு எழுத்துல உத்தரவாதம். கேம் கம்பெனிகிட்ட இருந்து பல வருஷ அனுமதி. ஆடுறவங்களுக்குன்னு ஒரு சங்கம். இதெல்லாம் வர்றவரைக்கும் "கிரிக்கெட் மாதிரி"ன்னு சின்னப் பசங்க காதுல பூ சுத்தாதீங்க சாமி.

டிஸ்கி: "அங்கிள்"னு திட்டி பின்னூட்டம் போடறவங்க, அந்த மூணுல எது தப்புன்னும் சேத்துப் போடுங்க. பதில் சொல்ல நான் ரெடி.