ஒசிலின் வெளியேற்றமும் நாம் வாசிக்க மறந்த டுவிட்டும்

மெசுட் ஒசில் அர்சனலை விட்டுப் போய்விட்டார். ஏழு வருடங்களுக்கும் மேல், 254 போட்டிகள், 44 கோல்கள். 2021 ஜனவரியில் துருக்கியின் பெனர்பாச்சே கழகத்தில் இணைந்துகொண்டார். அவரது குடும்பத்தின் பூர்வீகம் துருக்கியின் சொங்குல்டாக். அந்த மாகாணத்தின் வாகன இலக்கக் குறியீடு 67. அந்த இலக்கத்தையே முதுகில் போட்டுக்கொண்டு அங்கே விளையாடத் தொடங்கினார்.

செய்தி உறுதியான இரவு என் ராத்தாவின் மகன் தனது வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒசில் துஆ கேட்கும் படத்தைப் போட்டு, 'ஹக்கைச் சொன்னவனை விரட்டிய கழகம்' என்று எழுதியிருந்தான். அவனை அர்சனல் இரசிகனாக்கியதே நான்தான். புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு உதைபந்தாட்டத்தை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, கழகத்தை மட்டும் நாம் காட்டிக்கொடுத்தால் போதும். அவன் சொன்னான்: "மாமா, இனி அர்சனல்ட மெச் ஒன்டும் பார்க்க மாட்டன்."

அடுத்த நாள் என்னோடு படித்த நண்பன் ஒருவன் கொழும்பிலிருந்து அழைத்தான். அவனும் முஸ்லிம்தான், அவனும் அர்சனல்தான். "மச்சான், சனியன் விட்டிச்சு. கிழமைக்கு மூன்றரை இலட்சம் பவுண் எடுத்துக்கிட்டு வீட்டுல இருந்து டுவிட் போட்டவன்டா அவன்" என்றான்.

ஒருவனுக்கு ஒசில் ஷஹீத் மாதிரி. மற்றவனுக்குச் சம்பளக் கள்ளன். முகநூலில் நம்மவர்கள் இந்த இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு கிழமையாக மோதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு கட்சியிலும் சேர முடியவில்லை.

முதலில் ஆட்டத்தைச் சொல்கிறேன், அதை மறந்துவிட்டுத்தான் எல்லோரும் பேசுகிறோம். 2013 செப்டெம்பர் 2ஆம் திகதி, வீரர்கள் கைமாறும் காலம் முடியும் கடைசி நாளில், ரியல் மட்ரிட்டிலிருந்து 42.5 மில்லியன் பவுணுக்கு ஒசில் வந்தார். அர்சனல் அதுவரை எவருக்கும் கொடுத்திராத தொகை. 2005இற்குப் பிறகு ஒரு கிண்ணமும் வெல்லாமல், நல்ல வீரர்களை விற்று விற்றே மைதானக் கடன் கட்டிக்கொண்டிருந்த கழகம் அது. பெப்ரிகாஸ் போனார், வான் பேர்சி போனார். அப்படிப்பட்ட இடத்துக்கு உலகத்தரமான ஒருவன் தானாக வருகிறான் என்பதை எங்களால் நம்பவே முடியவில்லை. சண்டர்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தின் 11ஆவது நிமிடத்திலேயே ஜிரூட்டுக்குப் பந்தைக் கொடுத்து கோல் போட வைத்தார். அந்தப் பருவத்தின் முடிவில் எப்.ஏ. கிண்ணம் வந்தது. 2015-16 பருவத்தில் லீக்கில் மட்டும் 19 கோல்களுக்கு வழி செய்து கொடுத்தார். ஹென்றியின் சாதனைக்கு ஒன்றுதான் குறைவு.

எண்ணிக்கையை விடுங்கள். ஓடுகிறவன் எங்கே போய் நிற்பான் என்று அவனுக்கே தெரியுமுன் பந்து அங்கே போய்க் காத்திருக்கும். அதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதே மனிதருக்கு முகம் சுருங்குவதும் அவ்வளவு சீக்கிரம். ஆட்டம் அவர் விருப்பப்படி நடக்காவிட்டால் தோள் தொங்கிவிடும், கை விரியும், கால் நின்றுவிடும். உள்ளூரில் சிங்கம், வெளியூர் மைதானத்தில் காணாமற் போகிறார் என்று இரசிகர்களே சொல்லத் தொடங்கினார்கள். பெரிய ஆட்டங்களுக்கு முன் சுகவீனம், முதுகுவலி என்ற செய்திகள் வந்துகொண்டே இருந்தன. பயிற்றுவிப்பாளர் வெங்கர் தகப்பனைப் போல இருந்ததால் சமாளித்தார். 2018இல் அவர் போனதும் வந்த எமெரிக்கு இது ஒத்துவரவில்லை.

அந்தப் பெரிய சம்பளத்துக்கும் ஒரு கதை உண்டு. 2018 ஜனவரியில் அலெக்சிஸ் சன்செஸ் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்குப் போனார். ஒசிலின் ஒப்பந்தமும் முடியும் தறுவாயில் இருந்தது. ஒரே வருடத்தில் இரண்டு பேரையும் இழந்தால் இரசிகர்கள் கழகத்தைச் சும்மா விடமாட்டார்கள். அந்தப் பயத்தில் சில நாட்களுக்குள் ஒசிலுக்குக் கிழமைக்கு மூன்றரை இலட்சம் பவுண் என்று சொல்லப்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கழகம் தன் பயத்துக்குக் கொடுத்த விலை அது. அதை வாங்கிக்கொண்ட ஒசிலை மட்டும் கள்ளன் என்பது என்ன நியாயம் என்று என் நண்பனிடம் கேட்டேன். பதில் வரவில்லை.

இனி மருமகனின் வாதத்துக்கு வருகிறேன்.

2019 டிசம்பர் 13ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, ஒசில் துருக்கி மொழியில் உய்குர் முஸ்லிம்கள் பற்றி எழுதினார். அர்சனல் உடனே சீனாவின் வெய்போ தளத்தில், அது ஒசிலின் தனிப்பட்ட கருத்து, கழகம் எப்போதும் அரசியலில் தலையிடுவதில்லை என்று அறிவித்தது. ஞாயிறன்று நடந்த மன்செஸ்டர் சிட்டியுடனான ஆட்டத்தைச் சீன அரச தொலைக்காட்சி ஒளிபரப்பவில்லை. சீனாவில் விற்கப்படும் ஒரு வீடியோ கேமில் இருந்தும் அவர் நீக்கப்பட்டார்.

'அரசியலில் தலையிடுவதில்லை' என்ற வசனத்தை அர்சனல் எழுதியது எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சட்டையின் நெஞ்சில் ஒரு வளைகுடா அரசின் விமான நிறுவனம். கையில் ருவண்டா அரசின் சுற்றுலா விளம்பரம். அதே வருடம் மே மாதம் ஐரோப்பா லீக் இறுதியாட்டம் பாக்கு நகரில் நடந்தபோது, ஆர்மேனியர் என்பதால் மிகித்தாரியன் பாதுகாப்புக்குப் பயந்து அணியோடு போகவில்லை. ஆட்டம் நடந்தது. அந்த டுவிட்டுக்கு ஆறு மாதம் கழித்து, 2020 ஜூனில், பிரீமியர் லீக் வீரர்கள் எல்லோரும் பெயருக்குப் பதிலாகக் 'கறுப்பு உயிர்கள் முக்கியம்' என்று முதுகில் எழுதிக்கொண்டு முழங்காலில் நின்றார்கள். அது சரியான காரியம், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அமெரிக்காவில் நடந்த அநியாயத்தைப் பேசினால் சந்தை போகாது, சீனாவில் நடப்பதைப் பேசினால் போகும். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஆக, கழகம் கோழைத்தனமாக நடந்துகொண்டது. இதில் மருமகனோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் அந்த டுவிட்டுக்காகத்தான் ஒசில் விரட்டப்பட்டார் என்பதற்குத் திகதிகள் ஒத்துவரவில்லை. எமெரி அவரை அணியில் எடுக்காமல் ஓரங்கட்டியது 2019 செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில், டுவிட்டுக்கு முன்னர். டுவிட் போட்டு இரண்டே நாளில், அந்த மன்செஸ்டர் சிட்டி ஆட்டத்தில், ஒசில் ஆரம்பத்திலிருந்தே விளையாடினார். 0-3 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் அவரை வெளியே எடுத்தபோது கையுறையைக் கழற்றிக் காலால் உதைத்தார், சொந்த இரசிகர்களே கூச்சலிட்டார்கள். அதன் பிறகு வந்த அர்டெட்டா, கொவிட்டினால் லீக் நிறுத்தப்படும்வரை 10 லீக் ஆட்டங்களிலும் அவரை ஆரம்பத்திலிருந்தே இறக்கினார். சீனாவுக்குப் பயந்து ஒருவனை ஒழிக்க நினைத்த கழகம் அதன்பின் மூன்று மாதம் அவனை விடாமல் விளையாட வைத்திருக்காது.

உண்மையான முறிவு 2020 ஏப்ரலில் வந்தது. வீரர்கள் எல்லோரும் 12.5 வீதம் சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்று கழகம் கேட்டது. காசு எங்கே போகும் என்று தெரியாமல் சம்மதிக்க மாட்டேன் என்றார் ஒசில். ரோஷக்காரர் கேட்கும் கேள்விதான், ஆனால் சரியான கேள்வி. ஓகஸ்டில் அதே கழகம் 55 ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாக அறிவித்தது. ஒக்டோபரில் கழகத்தின் டைனோசர் வேடம் போடும் மனிதருக்கும் வேலை இல்லை என்றானபோது, அவர் சம்பளத்தை நான் கொடுக்கிறேன் என்று ஒசில் பகிரங்கமாகச் சொன்னார். தாராளமும் இருந்தது, முதலாளிக்கு ஒரு குத்தும் இருந்தது. அதே மாதம் பிரீமியர் லீக், ஐரோப்பா லீக் இரண்டின் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. முன்வரிசையிலிருந்தே ஓடி நெருக்கும் ஆட்டத்தை அர்டெட்டா விரும்பினார், 32 வயது ஒசிலுக்கு அது ஏறவில்லை என்பதும் உண்மை. எது எத்தனை வீதம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. டுவிட்டின் கசப்பும் அதில் கலந்திருக்கலாம். ஆனால் அது மட்டுமே என்று சொல்ல ஆதாரம் இல்லை.

"அப்ப நீங்க கிளப்புட பக்கமா மாமா?" என்று கேட்டான் அவன்.

இல்லை. அந்த டுவிட்டை நீ வாசித்தாயா என்று திருப்பிக் கேட்டேன். சீனாவைத் திட்டினார்தானே என்றான். சீனா செய்வதை ஒசில் விவரித்தது உண்மை: குர்ஆன்கள் எரிக்கப்படுகின்றன, பள்ளிவாசல்கள் மூடப்படுகின்றன, ஆண்கள் முகாம்களுக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள் என்றெல்லாம் எழுதினார். ஆனால் அவருடைய கோபம் திரும்பியது முஸ்லிம்கள் மீது. மேற்கு நாடுகளும் அவற்றின் ஊடகங்களும் இதை மாதக்கணக்காகப் பேசுகின்றன, முஸ்லிம் நாடுகளும் அவர்களது ஊடகங்களும் எங்கே என்று கேட்டார். அர்சனலை அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அவர் கேட்டதில் பிழையும் இல்லை. அதே வருடம் ஜூலையில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 22 நாடுகள் சின்ஜியாங் முகாம்களைக் கண்டித்துக் கடிதம் கொடுத்தன. அதில் முஸ்லிம் பெரும்பான்மை நாடு ஒன்றுகூட இல்லை. பதிலுக்குச் சீனாவை ஆதரித்து 37 நாடுகள் கடிதம் கொடுத்தன. அதில் சவூதி அரேபியா இருந்தது, பாகிஸ்தான் இருந்தது, அர்சனல் மைதானத்துக்குப் பெயர் கொடுத்த எமிரேட்ஸ் நிறுவனத்தின் சொந்த நாடும் இருந்தது. ஒசிலின் திருமணத்தில் சாட்சியாக நின்ற ஜனாதிபதி அர்துகானும், 2019 ஜூலையில் பீஜிங் போனபோது, அந்த வருட ஆரம்பத்தில் துருக்கி வெளிவிவகார அமைச்சு பேசிய கடுமையான பாஷையைப் பேசவில்லை. ஒசில் அர்துகானின் பெயரைச் சொல்லவில்லை என்பதையும் நான் கவனித்தேன். அவரும் மனிதர்தான்.

ஒரு லண்டன் கழகம் உய்குர்களுக்காகப் பேசவில்லை என்று நாம் கொதிக்கிறோம். அந்தக் கொதிப்பில் பாதியாவது அந்த 37 கையெழுத்துகள் மீது வந்ததா? அந்தச் செய்தி வந்த நாளில் யாருடைய ஸ்டேட்டஸும் மாறியதாக எனக்கு நினைவில்லை. அர்சனலைத் திட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது. நமக்கு ஒன்றும் செலவாகாது.

இதை எழுதும்போது எனக்கே ஒரு கூச்சம் உண்டு. சீனாவைப் பற்றி வாய்திறக்க இந்த நாட்டில் எவருக்கும் இலகுவல்ல, சிறுபான்மைக்குச் சொல்லவும் வேண்டாம். நானும் 2019இல் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் 2021 வரை பத்து மாதங்களுக்கும் மேலாக எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. ஜெனீவாவில் யார் பேசினார்கள், எந்த முஸ்லிம் நாடு அறிக்கை விட்டது, எந்த நாடு மௌனமாக இருந்தது என்று நாமே ஒவ்வொரு நாளும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். மௌனம் எப்படி வலிக்கும் என்று அப்போது தெரிந்தது. ஒசில் அன்றைக்குக் கேட்டது அதைத்தான்.

அர்சனலிலிருந்து முகம் சுருக்கிக்கொண்டு போன முதல் ஆள் இவரல்ல. 1999இல் அனெல்கா போனபோது ஆங்கிலப் பத்திரிகைகள் அவருக்கு 'சிடுமூஞ்சி' என்றே பட்டம் வைத்திருந்தன. வந்த காசில் கழகம் ஹென்றியை வாங்கியது, பயிற்சி மைதானமும் கட்டியது. பிறகு அனெல்கா இஸ்லாத்தைத் தழுவினார். அப்போது அவரும் எங்கள் ஆளாகிவிட்டார், சிடுமூஞ்சித்தனம் மறந்துபோனது. அடபாயோர் 2009இல் எதிரணிச் சட்டையில் கோல் போட்டு, மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடிவந்து அர்சனல் இரசிகர்கள் முன் கொண்டாடியபோது ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஏசித் தீர்த்தார்கள். ஏசுவதற்காவது ஒரு மைதானம் இருந்தது. ஒசிலுக்கு அதுவும் இல்லை. கொவிட்டினால் ஆசனங்கள் வெறுமை. கைதட்டவும் ஆளில்லை, கூவவும் ஆளில்லை.

அவரது கடைசி ஆட்டம் 2020 மார்ச் 7, சனிக்கிழமை, வெஸ்ட் ஹாமுக்கு எதிராக. எங்கள் வீட்டில் மருமகனும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். 78ஆவது நிமிடத்தில் உயர்ந்து வந்த பந்தை ஒசில் தலையால் தட்டி லகாசெட்டிடம் கொடுத்தார், லகாசெட் கோலுக்குள் அடித்தார். உதவி நடுவர் கொடியைத் தூக்கிவிட்டார். வீடியோவில் பார்த்துப் பிறகு கோல் என்றார்கள். 1-0. ஒசில் தலையால் தட்டிக் கொடுப்பதெல்லாம் அபூர்வம் என்று சொல்லி இருவரும் சிரித்தோம். அடுத்த மெச்சுக்கு வாறன் மாமா என்று அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். ஐந்தாம் நாள் அர்டெட்டாவுக்குக் கொரோனா என்று செய்தி வந்தது.