படியும் மரக்காலும்

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட நாக் (தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு) 2017இல் திருத்தியமைத்த நடைமுறையில் மாணவர் மனநிறைவுக் கணிப்பு இடம்பெற்றது. அதன் 20 கொள்குறி வினாக்களுக்கும் விடை 0 முதல் 4 வரை அமைந்தது. ஒரு கல்லூரி தன் சொந்தப் படிவத்தில் 1 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கிறது என்று கொள்வோம். இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்றதுமே ஆய்வுலகில் எழும் கேள்வி, 'டி சோதனையா, மான்-விட்னியா?' என்பதே. தவறு அந்தக் கேள்வியிலேயே தொடங்குகிறது.

நாக் மதிப்பை 2.5ஆல் பெருக்கிப் பத்துக்கு உயர்த்துவது எளிய வழி. நடுநிலையான மாணவர் அங்கே 2 இடுகிறார்; அது 5 ஆகிறது. கல்லூரிப் படிவத்தில் நடுப்புள்ளி 5.5, அதே மாணவர் 5 அல்லது 6 இடுவார். கருத்து மாறவில்லை, வேறுபாடு மட்டும் முளைத்துவிட்டது. மாதிரி பெரிதானால் டி சோதனை அதனை உண்மை வேறுபாடு என்றே அறிவிக்கும். மான்-விட்னியும் 5ஐ 6க்குக் கீழேதான் வைக்கும்.

இரு தரவுகளையும் தனித்தனியே இசட் மதிப்பாக்கினால் இரண்டின் சராசரியும் பூச்சியமாகும். தேடிய வேறுபாட்டைத் துடைத்துவிட்டு 'வேறுபாடில்லை' என்பது ஆய்வன்று.

படியை மரக்காலாக்க வாய்பாடு உண்டு. இரண்டும் அளப்பது ஒரே நெல்லை. மனநிறைவுக்கு அத்தகைய வாய்பாடு இல்லை. இத்தகைய எண்கள் வரிசையைக் காட்டுமேயன்றி இடைவெளியைக் காட்டா என்ற எச்சரிக்கை, ஸ்டீவன்ஸ் 1946இல் அளவைகளை வகைப்படுத்திய நாள்முதல் இருந்துவருகிறது. டி சோதனை வரிசைத் தரவையும் தாங்கும் என்பார் உளர். ஒரே அளவுகோலுக்குள் அவ்வாதம் பெரும்பாலும் செல்லும். இரண்டு அளவுகோல்களுக்கிடையே செல்லாது.

செய்யத்தக்கது வேறு. துறைகளை இரு படிவங்களும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றனவா என்பது வினாவாயின், ஸ்பியர்மன் அல்லது கெண்டால் தரவரிசை ஒட்டுறவு போதும். மனநிறைவு கூடியதா, குறைந்ததா என்பது வினாவாயின், ஒரே அளவுகோலால் இருமுறை கேட்க வேண்டும். இயலாதபோது, அதே மாணவரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்கி, ஆளுக்கொரு படிவம் தந்து, அளவுகோல்களின் உறவை முதலில் அறிய வேண்டும்.

தற்காலிக விரிவுரையாளர் ஒருவரின் பணி நீட்டிப்பு 'மனநிறைவு குறைந்தது' என்ற ஒற்றை வரியில் தொங்குமானால், அக்குறைவு மாணவரிடமிருந்து வந்ததா, பெருக்கலிலிருந்து வந்ததா என்று சொல்லும் கடமை ஆய்வாளருக்கு உண்டு. மென்பொருள் அதைச் சொல்லாது.