நாய்க்குட்டி பிடிக்கும் என்றால் போதுமா? அமெரிக்காவின் 'ப்ரீ-வெட்' கேட்பது வேறு

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவராக ஆசைப்படுபவர் பிளஸ் டூ முடித்த கையோடு விண்ணப்பிக்கலாம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். ஐந்தரை வருடத்தில் டாக்டர். அமெரிக்காவில் கதையே வேறு. பெரும்பாலும் முதலில் நான்கு வருட இளநிலைப் பட்டம், அப்புறம்தான் நான்கு வருடக் கால்நடை மருத்துவம். அந்த முதல் நான்கு வருடத்தில் நடக்கிற தயாரிப்புக்குத்தான் 'ப்ரீ-வெட்' என்று பெயர்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இது தனிப் பட்டமே இல்லை. உயிரியல் படிக்கலாம், வரலாறுகூடப் படிக்கலாம். ஆனால் கால்நடை மருத்துவக் கல்லூரி கேட்கிற வேதியியல், இயற்பியல், புள்ளியியல் போன்ற பாடங்களை எப்படியாவது முடித்திருக்க வேண்டும். தலைவலி என்னவென்றால், கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் மாறும். ஓரிடத்தில் கேட்காத பாடம் இன்னோரிடத்தில் கட்டாயம். கரிம வேதியியலைத் தாண்டாமல் பொதுவாக உயிர்வேதியியலுக்குள் நுழையவும் முடியாது. போதாக்குறைக்கு, விண்ணப்பம் செப்டம்பரில் மூடினால் வகுப்பு தொடங்குவது அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வாக்கில். ஆக, நான்கு வருடம் என்பது கணக்கில் மூன்றுதான். மூன்றாம் வருடம் பட்டியலைத் திறப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் திட்டமிட்டால் சமாளித்துவிடலாம். உண்மையான சல்லடை இன்னொன்று: அனுபவ நேரம். பெரும்பாலான கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான வி.எம்.சி.ஏ.எஸ்.-இல், விலங்குகளோடு செலவழித்த மணிநேரத்தை மாணவர் கணக்குக் காட்டுகிறார். மருத்துவர் பக்கத்தில் நின்று பார்த்தது ஒரு கணக்கு. மருத்துவர் இல்லாமல் காப்பகத்தில் கூண்டு கழுவியது, பண்ணையில் பால் கறந்தது வேறு கணக்கு. கூடவே பரிந்துரைக் கடிதங்களும் வேண்டும், அதில் ஒன்றாவது கால்நடை மருத்துவரிடமிருந்து வருவது வழக்கம். பத்து கிளினிக்கில் ஒவ்வொரு நாள் எட்டிப் பார்த்தவருக்கு அந்தக் கடிதத்தை யார் எழுதுவார்?

இந்தக் கெடுபிடி நியாயமானது. "எனக்கு விலங்குகள்னா உயிர்" என்று வருகிறவர், தோள்வரை கையுறை போட்டு மாட்டுக்குச் சினைப் பரிசோதனை செய்வதைக் குளிர்கால விடியற்காலையில் பார்க்க வேண்டும். அதைவிடக் கஷ்டமானது, குணப்படுத்தக்கூடிய நாயை, பணம் இல்லாத ஒரே காரணத்துக்காகக் கருணைக்கொலை செய்யச் சொல்லி உரிமையாளர் அழுவது. அதைப் பத்தொன்பது வயதில் பார்த்துவிட்டு 'இது நமக்குச் சரிவராது' என்று விலகுகிறவருக்கு நஷ்டம் ஒரு கோடை விடுமுறைதான். சேர்ந்த பிறகு தெரிந்தால் கடன் மட்டும் மிஞ்சும். அங்கே கடன் வாங்கிப் படித்து முடிப்பவர்களின் சராசரிக் கடன் ஒன்றரை லட்சம் டாலருக்கும் மேல்.

ஆனால் அந்த மணிநேரத்துக்கு விலை இருக்கிறதே! கிளினிக்கில் சும்மா நிற்பதற்குச் சம்பளம் இல்லை. ஊருக்கு வெளியே உள்ள பண்ணைக்குப் போகக் கார் வேண்டும். சாயங்காலம் கடையில் வேலை பார்த்துக் கட்டணம் கட்டுகிற மாணவர் எங்கே போவார்? அமெரிக்காவின் கறுப்பினக் கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோரை உருவாக்கியது டஸ்கீகி என்ற ஒரே பல்கலைக்கழகம். மற்ற கல்லூரிகளின் சல்லடையில் கோளாறு இருப்பதைக் காட்ட இதைவிட என்ன வேண்டும்?

சம்பளத்துக்குச் செய்த வேலையும் கணக்கில் சேரும் என்பது ஒரு ஆறுதல். பால் பண்ணை ஷிஃப்ட், நாய் விடுதி வேலை, கிளினிக் உதவியாளர் வேலை எல்லாமே செல்லும். இது பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை, கல்லூரிகள்தான் உரக்கச் சொல்ல வேண்டும். காசு கட்டி ஆப்பிரிக்கா போய் யானைக்குப் பக்கத்தில் நின்றுவந்த இரண்டு வாரத்தைவிட, ஒரு வருடம் சாணி அள்ளியவருக்கு அதிக மதிப்பெண் போடலாம்.

தமிழ்நாட்டில் இப்படி எந்த நிபந்தனையும் இல்லை. ஆனால் பிளஸ் டூ லீவில் பக்கத்து அரசுக் கால்நடை மருந்தகத்தில், டாக்டரிடம் அனுமதி கேட்டு ஒரு வாரம் நிற்க யாரும் தடை போடவில்லை. காலை எட்டு மணிக்கே போய்விடுவது நல்லது. சினை ஊசிக்கு மாடும், கழிச்சலுக்கு ஆடும், கூடையில் கோழியுமாக அப்போதுதான் வரத் தொடங்குவார்கள்.