தோற்றால், ஏன் தோற்றோம் என்று தெரிய வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ போனும் கையுமாக இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

"எந்நேரமும் கேம்" என்று எல்லா விளையாட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் திட்டுகிறோம். நானும் வாத்தியார்தான், திட்டுவது எனக்கும் பழக்கம். ஆனால் எல்லா கேமும் ஒன்றல்ல. பிரித்துப் பார்க்க ஒரு பழைய விளையாட்டை உதாரணமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் அடாரி கம்பெனி 1976-ல் 'பிரேக்அவுட்' என்ற மெஷினைக் கொண்டுவந்தது. தொண்ணூறுகளில் நம் பிள்ளைகள் கையில் இருந்த சின்ன பேட்டரி விளையாட்டிலும் இதன் சாயல் உண்டு. "செங்கல் உடைக்கிற கேம்" என்றால் பலருக்கு ஞாபகம் வரும்.

ஆட்டம் எளிது. திரையின் மேலே செங்கல் சுவர், கீழே ஒரு சின்ன மட்டை. திருகைத் திருப்பினால் மட்டை இடமும் வலமும் நகரும். பந்து மட்டையில் பட்டு மேலே போய் ஒரு கல்லை உடைத்துவிட்டுத் திரும்பும். கீழே விட்டுவிட்டால் ஒரு பந்து போச்சு. பெரும்பாலும் மூன்று பந்துதான்.

இப்போது கணக்கு. 8 வரிசை, வரிசைக்கு 14 கல், மொத்தம் 112. கீழிருந்து மேலாக இரண்டிரண்டு வரிசைக்கு ஒரு நிறம்: மஞ்சளுக்கு 1 புள்ளி, பச்சைக்கு 3, ஆரஞ்சுக்கு 5, சிவப்புக்கு 7. ஒரு சுவரை முழுதும் உடைத்தால் 448. அதன்பின் இன்னொரு சுவர் வரும். அதையும் முடித்தால் 896. அவ்வளவுதான், மூன்றாவது சுவர் கிடையாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு.

கஷ்டம் எப்படிக் கூடுகிறது என்பதும் மறைவில்லை. நாலாவது அடியிலும் பன்னிரண்டாவது அடியிலும் பந்து வேகமெடுக்கும். ஆரஞ்சு, சிவப்புக் கல்லைத் தொட்டாலும் வேகம் கூடும். சிவப்பைத் தாண்டி மேல் விளிம்பில் பந்து பட்டால் மட்டை பாதியாகச் சுருங்கும். தேர்ந்த ஆட்டக்காரன் ஒரு ஓரமாக ஓட்டை போட்டு, பந்தைச் சுவருக்குப் பின்னால் அனுப்பிவிடுவான். அது அங்கேயே முட்டி மோதி மேல் வரிசைகளை உடைத்துக்கொண்டிருக்கும்.

இதே தந்திரத்தை ஒரு கம்ப்யூட்டரும் தானாகக் கற்றுக்கொண்டது. டீப்மைண்ட் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரும் விதி சொல்லித் தரவில்லை. திரையையும் புள்ளியையும் பார்த்துப் பார்த்துத் தேறியது. ஏன் முடிந்தது? தெரிய வேண்டியது எல்லாம் திரையிலேயே இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் செங்கல்லுக்குப் பதிலாக சீட்டுப் படங்களை அடுக்கிய மெஷின்களும் வந்தன. பந்தால் சீட்டை அடிக்க வேண்டும். படம் சீட்டுதான், ஆனால் ஜெயித்தாலும் தோற்றாலும் காரணம் உங்கள் கைதான்.

"அந்த மெஷினும் காசு தின்றதுதானே?" என்று கேட்பீர்கள். தின்றது. அப்பா சட்டைப் பையில் கைவைத்த பையன்களை எனக்கும் தெரியும். ஆனால் போட்ட காசுக்கு விளையாட்டு கிடைத்தது, அத்தோடு முடிந்தது. "இன்னொரு காசு போடு, விட்ட பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று அது ஆசை காட்டவில்லை.

இன்றைய போன் சீட்டாட்டம் அப்படியா? என்னிடம் படித்த பையன் ஒருவன், கப்பலூர்ப் பக்கம் வேலை. பொண்டாட்டி சங்கிலியை அடகு வைத்து ரம்மி ஆடித் தோற்றான். "எப்படிப்பா தோத்த?" என்று கேட்டேன். "தெரியல சார். சீட்டு வரல" என்றான். அந்த பதில்தான் எனக்குத் தூக்கம் வரவிடவில்லை. எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாதவன் எப்படித் திருந்துவான்? அடுத்த ஆட்டத்தில் சீட்டு வரும் என்றுதானே நினைப்பான்?

ரம்மியில் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், அது மூணு சீட்டு போல வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றமே 1968-ல் சொன்னது. ஆனால் அது எதிரே ஆள் உட்கார்ந்து ஆடிய ஆட்டம். கலைத்துப் போடுகிறவன் கை தெரியும், எதிராளி முகம் தெரியும். போனில் கலைப்பது யார், எதிரே இருப்பது யார், ஒன்றும் தெரியாது.

நம் மதுரைக் கிளையில் 2020-லேயே நீதிபதி இதைப் பற்றிக் கவலைப்பட்டு, சட்டம் வேண்டும் என்றார். தமிழக அரசு போட்ட சட்டம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மறுபடி போட்டதிலும், 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று தீர்ப்பு வந்தது. 2025 ஆகஸ்டில், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டமே கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரு கதவை மூடினால் இன்னொரு பெயரில் வருவார்கள். வீட்டிலும் ஒரு காவல் வேண்டும்.

அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பிள்ளை விளையாடி முடித்ததும் போனைப் பிடுங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "இப்ப ஏன் தோத்த?"

"மட்டையை லேட்டா நகர்த்திட்டேன் தாத்தா" என்றால் பயப்படாதீர்கள். நேரத்துக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு போதும். "தெரியல, அடுத்த தடவ வரும்" என்றால், அன்றைக்கே அந்த ஆட்டம் என்ன, அதில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்டவனை நாம் அடிப்பதற்கு முன் "எந்த வரியில் விட்டாய்?" என்று கேட்டிருந்தால் பாதிப் பேர் தேறியிருப்பார்கள். விளையாட்டுக்கும் அதே கேள்விதான்.

உங்கள் வீட்டு அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.