பத்து பில் ‘ஓகே’ ஆனால் போதுமா? கணக்கு மென்பொருளை எப்படிச் சோதிக்க வேண்டும்?

பில் போடுவது ஒரு மென்பொருளில். ஆடிட்டர் பார்க்கும் கணக்கு டேலியில். இரண்டையும் இணைத்துவிட்டால், ஒரே பில்லை இரண்டு முறை டைப் செய்யும் வேலை மிச்சம். ராஜபாளையம் நூற்பாலையோ, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையோ, யாருக்கும் இது லாபம்தான். ஆனால் இணைத்து முடித்ததும் என்ன செய்கிறார்கள்? பத்து பில்லை அனுப்பிப் பார்க்கிறார்கள். பத்தும் சரியாகப் போய் விழுகிறது. ‘ஓகே, நாளைக்கே லைவ்!’

அந்தப் பத்தும் ஒரே மாதிரி பில் என்றால், சோதனை நடந்ததாகவே சொல்ல முடியாது.

விதி எங்கே உடையும்?

எந்த பில் எந்தக் கணக்கில், எந்த வரியோடு ஏற வேண்டும் என்பதை மென்பொருளுக்குச் சொல்வதுதான் இணைப்பு விதி. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என வரி இரண்டாகப் பிரியும். 32 என்றால் கேரளா, ஐஜிஎஸ்டி. மாதிரியில் கேரளா பில் ஒன்றுகூட இல்லையென்றால், அந்த விதி வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

ஊருக்கு ஊர் சிக்கலும் மாறும். விவசாயியிடம் நேரடியாகப் பஞ்சு வாங்கும் நூற்பாலை, ‘ரிவர்ஸ் சார்ஜ்’ முறையில் வரியைத் தானே கட்ட வேண்டும். பால்கோவாவுக்கு வாங்கும் பாலுக்கு ஜிஎஸ்டி கிடையாது; பால்கோவாவுக்கு உண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது. சில்லறை விற்பனைக்குப் பொதி செய்த மருத்துவ பேண்டேஜுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

செப்டம்பர் 15-ல் ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். வரியோடு 1,12,000 ரூபாய். அக்டோபரில் முழுச் சரக்கும் திரும்பி வருகிறது. கிரெடிட் நோட்டிலும் பழைய 12 சதவீதம்தான் வர வேண்டும். ஆனால் மென்பொருள் அன்றைய தேதியைப் பார்த்து 5 சதவீதம் போட்டால் 1,05,000. இடையில் 7,000 ரூபாய் காணோம்! வாங்கியவர் பாக்கி கேட்பார். ஏற்கெனவே கட்டிய வரியிலும் 7,000 ரூபாயைக் கழிக்க முடியாது.

இதைப் பிடிக்க ஆயிரம் பில் தேவையில்லை. ‘பழைய வரியில் விற்று, புதிய வரிக் காலத்தில் திரும்பிய சரக்கு’ என்று ஒரே ஒரு மாதிரி போதும்.

அப்போ எண்ணிக்கை முக்கியமில்லையா?

அதுவும் முக்கியம். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய கணினி அமைப்புக்கு மாறியது. வாடிக்கையாளர் தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது, அமைப்புதான் தாங்கவில்லை. சுமார் 19 லட்சம் பேரால் கணக்கைத் திறக்க முடியவில்லை. 2022-ல் வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம். கடைக்கும் அப்படித்தான்: சாதாரண நாள் பில்லோடு, தீபாவளி வாரத்துக் கூட்டத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மாதிரியில் என்னென்ன இருக்க வேண்டும்?

* ரத்தான பில், பாதிச் சரக்கு திரும்பிய பில், முன்பணம்
* பைசா ரவுண்டு ஆகும் தொகை
* மார்ச் 31, ஏப்ரல் 1 தேதி பில்கள்
* தமிழில் பெயர் உள்ள வாடிக்கையாளர்
* தவறுதலாக இரண்டு முறை அனுப்பிய ஒரே பில்
* வேண்டுமென்றே தப்பான ஜிஎஸ்டி எண். இதை மென்பொருள் ஏற்கக் கூடாது

பழைய நிஜ பில்களிலிருந்து எடுப்பது நல்லது. பெயரையும் போன் நம்பரையும் மாற்றிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சரியான விடையைக் கணக்காளர் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். விடை தெரியாமல் ஓட்டினால், திரையில் வருவதெல்லாம் சரியாகத்தான் தெரியும்.

இந்தப் பட்டியலை மென்பொருள் விற்பவரிடம் மட்டும் விடுவது நியாயமில்லை. எந்த பில் வழக்கமாகத் தகராறு செய்யும் என்பது, பல வருடமாகக் கணக்கு எழுதுபவருக்குத்தான் தெரியும். லைவ் தேதியைக் குறிக்கும் முன் அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். குறைவாகக் கட்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. அதைக் கட்டப்போவது மென்பொருள் அல்ல, கடைக்காரர்தான்.