தோர்கெட்டிலின் வழியில்

இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களாகிய நார்போக்கிலும் சபோக்கிலும் அரிதாக வழங்கும் ‘தர்க்கெட்டில்’ என்னும் குடும்பப் பெயர், இடியின் தேவனாகிய தோரின் நாமத்தையும் கொப்பரையைக் குறிக்கும் ‘கெட்டில்’ என்ற சொல்லையும் இணைத்து, ஸ்காண்டிநேவிய மக்கள் தம் புதல்வருக்குச் சூட்டி வந்த ‘தோர்கெட்டில்’ என்னும் இயற்பெயரிலிருந்து பிறந்தது. இதைத் தாங்குவோர் தம்மை வைக்கிங் வீரரின் நேர் சந்ததியாரென்று எண்ணி மகிழ்வது இயல்பே. ஆயினும், ஒரு பெயரைக் கொண்டு இரத்த உறவை நிச்சயிக்க இயலாது என்பதும், அவ்வாறு நிச்சயிக்க முற்படுவோர் அப்பெயருக்குள் உறங்கும் மெய்யான சரித்திரத்தைக் காணத் தவறுகின்றனர் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

865-இல் இம்மாவட்டங்கள் அடங்கிய கிழக்கு ஆங்கிலியாவில் வந்திறங்கிய டேனியப் பெருஞ்சேனை, சில ஆண்டுகளில் அந்நாட்டு மன்னன் எட்மண்டைக் கொன்று ஊர்களைப் பாழாக்கியது உண்மைதான். ஆனால், ஆல்பிரெட் மன்னனிடம் தோற்று ஞானஸ்நானம் பெற்ற குத்ரம் என்னும் தலைவன், 880-ஐ ஒட்டி அங்கே நிலங்களைத் தன் சேனையாருக்குப் பங்கிட்டளித்த பின், போர்வீரராக வந்தவர் உழவராகத் தங்கினர். தோரின் வழிபாடு மறைந்து மாதாகோயில்கள் எழுந்த பிறகும், கிறிஸ்துவைத் தொழுத பெற்றோர் தம் மகனுக்குத் தோரின் பெயரை இடத் தயங்கவில்லை. வந்தவரின் பெயர்கள் நாளடைவில் ஆங்கிலேயருக்கும் உரியவையாயின. 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கில் பெருநிலக்கிழாராகக் காணப்படும், தோர்கெட்டில் என்பதன் குறுகிய வடிவைத் தாங்கிய வாரிக்கின் துர்கில், ஆல்வைன் என்ற ஆங்கிலப் பெயருடைய தந்தையின் மகன்.

மேலும், 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர், தாமும் வடநாட்டாரின் வழித்தோன்றல்களே ஆதலால், பிரெஞ்சு நாவில் ‘துர்க்கெத்தில்’ என்று மருவிய அதே பெயரைத் தம்முடன் கொண்டு வந்தனர். எனவே, இன்று அப்பெயர் தாங்கும் ஒருவரின் மூதாதை டேனியனா, ஆங்கிலேயனா, நார்மானியனா என்று எவர் துணிந்து கூற வல்லார்?

இப்பெயர் அருகியதற்கும் காரணம் உண்டு. வில்லியம், ராபர்ட், ஜான் முதலிய பெயர்கள் நாடெங்கும் பரவிப் பழைய பெயர்கள் வழக்கொழிந்துகொண்டிருந்த 13, 14-ஆம் நூற்றாண்டுகளிலேயே குடும்பப் பெயர்கள் பரம்பரையாக நிலைபெறலாயின. அப்போது எஞ்சியிருந்த சில தோர்கெட்டில்களின் மக்களுக்கே இப்பெயர் குடும்பப் பெயராக வாய்த்தது. 1538-இல் தொடங்கிய திருச்சபைப் பதிவேடுகளில் குருமார் தம் செவிக்குப் பட்டவாறே எழுதியதனால், தர்க்கில், தெர்க்கெல் என்று அதுவும் பல உருக்கொண்டது. அவற்றுள் ஒன்றை எழுத்துலகில் பிரசித்தமாக்கிய நாவலாசிரியை ஆஞ்செலா தெர்க்கெல் பிறப்பால் மக்கேல் குடும்பத்தவர். 1918-இல் டாஸ்மேனியப் பொறியாளர் ஒருவரை மணந்த பின்னரே அவர் தெர்க்கெல் ஆனார்.